படம் இல்லாத காடு

சிறுவர் கதைகளில் வரும் மாயக் காட்டுக்கு முதல் பக்கத்திலேயே படம் போட்டிருப்பார்கள். ஆறு எங்கே பிறக்கிறது, எந்த மலையில் எந்தக் குலத்தார் வாழ்கின்றனர் என்பதெல்லாம் அதில் இருக்கும். கற்பனைக் காட்டிற்கு இத்தனை மரியாதை! கடமலைக்குண்டில் பேருந்துக்காக நிற்கும் நாம் அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் காட்டிற்கு அப்படி ஒரு படம் உண்டா?

வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகை, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக இறங்கி, தேனிக்கு அருகே முல்லையாற்றோடு கலந்து, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்குப் போகிறது. மதுரைக்காரர் குடிக்கும் தண்ணீரில் நம் மலையின் பங்கும் இருக்கிறது. ஆனால் கோடையில் நம் ஊர்ப் பக்கம் ஆறு வெறும் மணல்தான். மேலே மேகமலையில் தேயிலைத் தோட்டங்கள். அதைச் சுற்றி யானை, காட்டெருமை, இருவாச்சி, சாம்பல் நிற அணில். 2021-இல் இம்மலைத் தொடர் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். காடு அழிந்தால் வைகையும் அழியும் என்பதை அறிவியல் மாணவனாகிய நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அக்காட்டில் மனிதரும் உளர். கொடியை வடமாகத் திரித்துப் பாறையில் தொங்கித் தேன் எடுக்கும் பளியர்கள், எந்த ஏட்டிலும் எழுதப்படாத காட்டுப் படத்தை மனத்தில் வைத்திருப்பவர்கள். எந்தப் பள்ளத்தில் கிழங்கு, எந்தச் சுனை வற்றாது, முன்னோரைப் புதைத்த இடம் எது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தாள் மட்டும் இல்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 13.12.2005-க்கு முன்பிருந்தே காட்டில் வாழும் பழங்குடியினர் உரிமை கோரலாம். பட்டா இல்லாவிடினும் பாதகமில்லை. இடுகாடு, வழிபாட்டிடம், வம்சாவளி, ஊர்ப் பெரியவர் வாய்மொழியை எழுதிய வாக்குமூலம் ஆகியவையும் சான்றாகும். வாய்மொழி செல்லும், ஆனால் அதை ஒருவர் எழுதியாக வேண்டும்!

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் குடும்பம் சமவெளியிலிருந்து மலையடிவாரத்துக்குப் பிழைக்க வந்தது. என் பாட்டனார் சிறுவராயிருக்கையில் காட்டைத் திருத்தி இலவமும் கொட்டை முந்திரியும் வைத்தவர்கள் நாங்கள். பழங்குடியல்லாதார் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு முன்னதாகவே காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டவேண்டும் என்கிறது சட்டம். கணக்குப் பார்த்தால் 1930-க்குப் போகிறது, எங்களால் காட்டமுடியாது. வீட்டில் இதைச் சொன்னபோது, “உன்னைப் படிக்க வைத்தது இதைச் சொல்லத்தானா?” என்று கேட்டார் அப்பா. எங்களைப் போன்றோரின் பிழைப்புக்கு அரசு வேறு வழி காணத்தான் வேண்டும். அதற்காகப் பளியர் உரிமையும் எங்கள் உரிமையும் ஒரே தட்டில் நிற்கும் என்று வாதாட என் மனம் இடம் தரவில்லை.

நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆண்டுதோறும் நடக்கிறது. வளாகத்தில் புல் செதுக்குகிறோம், கோவில் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். இம்முறை ஏழு நாளும் பளியர் குடியிருப்பில் கழியட்டும். அவர்களும் கிராம சபையும் இசைந்தால், பெரியவர்கள் சொல்லும் இடப்பெயர்களையும் வம்சாவளியையும் அவர்கள் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருவோம். தாவரவியல் பேராசிரியர்கள் உடன் வந்தால் செடிகளின் பெயரும் நமக்குக் கிடைக்கும். முதல்வர் அவர்கள் இசைவு தருவார்களா? நோட்டும் பேனாவும் எங்கள் செலவு.