நாடக மேடையும் விளக்குச் சிக்கனமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, அரங்கின் நீள அகலத்தைக் கோற்கணக்கிற் கூறியபின், தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாவண்ணம் விளக்கு நிறுத்துமாறும் உரைக்கின்றது. விளக்கின் விலையன்று, அது நிற்கும் இடமே இளங்கோவடிகளுக்குப் பெரிது. எம் கல்லூரி மேடைக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பெருங்கருவி வேண்டுமென்னும் அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக. அரசவைக்கு மஞ்சள், கானகத்து இரவுக்கு நீலம், போருக்குச் செம்மை, ஏனையவற்றுக்கு வெண்மை என விளக்குத் தொகுதிகள் நான்கு, தொகுதிக்கோர் ஆளி. ஏற்றவும் அணைக்கவும் இதுவே சாலும். நடிகன் குரலில் வாராத சோகம் விளக்கு மங்குவதால் வந்துவிடாது.

ஆயினும் சிக்கனம் புகத்தகாத இடம் ஒன்றுண்டு. வீட்டு ஆளிகளைப் பலகையில் அறைந்து, 230 உவோல்ற்று மின்சாரத்தைத் திரைமறைவிலே, இருளில், வியர்த்த கையுடன் நிற்கும் மாணவன் அருகே கொண்டுசெல்லும் வழக்கத்தை யான் வன்மையாக மறுக்கின்றேன். அவன் விரல் தொடும் ஆளியில் 12 உவோல்ற்று மட்டுமே செல்லட்டும். அச்சிறு மின்னோட்டம் றிலே என்னும் காந்த ஆளியை இயக்கும். றிலேயே விளக்குக்கு மின்சாரத்தை விடும். றிலேக்களை மின்வேலை தேர்ந்த ஒருவர், பூமியிணைப்புடைய பூட்டிய பெட்டியிலே அமைத்தல் வேண்டும். திருக்கோணமலைத் துறைமுகத்து உப்புக்காற்றில் மூடாத செப்பு முனைகள் பச்சை பூத்துவிடும். ஆதலின் பெட்டி இறுக மூடுவதாக இருக்கட்டும்.

பழைய மாணவர் தரும் பணம் முதலில் இப்பெட்டிக்கே செல்லுக. மேடைத் திரைக்குப் புதுத்துணி அடுத்த ஆண்டு வாங்கலாம்.