என்ன தெரிகிறது?

“கண் எதற்கு?” “பார்க்க, டீச்சர்.” அங்கன்வாடியிலும் முதல் வகுப்பிலும் ஐம்புலன் பாடத்தில் கண்ணுக்கு நாம் ஒதுக்குவது பெரும்பாலும் இவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்காமலே மூக்குக்குப் போய்விடுகிறோம்.

பிறந்ததிலிருந்து மங்கலாகப் பார்க்கும் குழந்தை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு கண் மட்டும் மங்கல் என்றால் மறு கண்ணை வைத்துச் சமாளித்துவிடும், வீட்டாருக்கும் தெரியாது. மங்கிய கண் அனுப்பும் காட்சியை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். ‘சோம்பேறிக் கண்’ என்பது இதுதான். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால், கண்ணாடி போட்டும், நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடிவைத்தும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வயது ஏற ஏறக் கடினம். பிள்ளை நம் கையில் இருக்கும் ஆண்டுகளும் அவைதான்.

ஆகவே கண் பாடத்தை ஒவ்வொரு கண்ணாக நடத்துவோம். நைட்டி தைப்புக்குப் பேர்போன தளவாய்புரத்தில் வெட்டுத்துணிக்கா பஞ்சம்? பூப்போட்டது, கோடு போட்டது, புள்ளி வைத்தது என நாலைந்து துண்டுகளை இரண்டிரண்டாக எடுங்கள். பிள்ளை ஒரு கண்ணை அழுத்தாமல் பொத்திக்கொண்டு, வகுப்பின் மறுகோடியில் நீங்கள் காட்டும் துண்டுக்கு ஜோடியைத் தன் முன்னால் இருப்பதிலிருந்து எடுக்கட்டும். பிறகு மறு கண். ஒரு கண்ணைப் பொத்தும்போது மட்டும் தடுமாறினாலோ, விரலிடுக்கில் எட்டிப் பார்த்தாலோ, குறும்பு என்று அதட்டாதீர்கள். குறித்துவைத்து, பெற்றோரிடம் சொல்லிக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அடுத்து, வெளிச்சம் விழும் வாசலருகே பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வையுங்கள். பத்து எண்ணும்வரை கண்ணைப் பொத்தித் திறந்தால், கருவிழி நடுவில் உள்ள கறுப்பு வட்டம் சட்டென்று சுருங்குவதை எதிரில் இருப்பவர் பார்க்கலாம். இன்னும் கிட்டே போனால், அதற்குள் தன் முகமே குட்டிப் பொம்மையாக நிற்கும். அந்த வட்டத்துக்குப் ‘பாவை’ என்று பேர். பாவை என்றால் பொம்மை. திருப்பாவை பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் ஒருநாளும் மறக்காது.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். மற்ற நாளெல்லாம் அந்தக் கண்களைப் பார்ப்பவர் நீங்கள்தான்.

நாளைக் காலை பிள்ளைகளை வெளியே அழைத்துவந்து மேற்கே மலையைக் காட்டுங்கள். “தெரிகிறதா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். “என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள்.