மென்காற்றும் பெரிய பாயும்

நல்லதண்ணியிற் காற்றென்றால் குளிரென்றே பொருள். தேயிலை மலைகளிலிருந்து விடுமுறைக்காகப் பெந்தோட்டைக்கு இறங்கும் நம் இளைஞர்களோ அங்கே வெப்பமும் மென்மையும் உடைய கரையோரக் காற்றைக் காண்கின்றனர். அக்காற்றை நம்பி அங்கு பாய்ப்பலகை விளையாட்டு நடைபெறுகின்றது. பலகைமேல் நின்று, கையாற் பாயைப் பிடித்து, நீர்மேல் ஓடும் இவ்விளையாட்டு 1984ஆம் ஆண்டில் ஒலிம்பிக் போட்டிகளில் முதன்முதலாக இடம்பெற்றது.

மென்காற்றுக்கு எத்தகைய பாய் வேண்டும்? காற்றின் வேகம் பாதியானால் அது பாயைத் தள்ளும் விசை நாலிலொன்றாகக் குறையும். வெப்பக் காற்று அடர்த்தியும் குறைந்தது: 0 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்றின் நிறை 1.29 கிலோகிராம், 30 பாகையில் ஏறக்குறைய 1.16 கிலோகிராம். ஆகவே பெரிய பாயும், நீண்டகன்ற பலகையும் வேண்டும்.

நேயர்களே, மென்காற்றுத்தானே என்று அசட்டையாக இருத்தலாகாது. காலையில் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் தரைக்காற்று, புதிதாய்ப் பயில்வோரை ஓசையின்றி வெளியே கொண்டுபோய்விடும். எதிர்காற்றில் திரும்பும் வித்தை எளிதன்று. ஆதலின் ஆற்றுக்கழியிற் பயில்வதே தக்கது. காற்று நின்றுவிட்டால் பலகையை விட்டு நீந்த முற்படலாகாது. பலகை மிதக்கும், நீந்துபவரோ களைப்பர். பலகைமேல் அமர்ந்து, இரு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தித் தாழ்த்துவதே உதவி வேண்டும் குறி.

நீர்த்துளிகள் மேனியை நனைப்பதால் வியர்வை புலப்படாது. தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்துதல் வேண்டும். தாய்மார்களே, பிள்ளைகளைக் கரைக்கு அனுப்புமுன் அவர்கள் நீந்தப் பழகினார்களா, உயிர்காப்புச் சட்டை அணிவார்களா என்று கேட்டறியுங்கள்.