பாகற்காய்க்கு ஒரு காகிதம் போதும்

பெடாஸ் வட்டாரத்தில் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டாலும் நம்மவர்கள் செடி வைப்பதை விடவில்லை. வேலியோரம் முருங்கையும் கறிவேப்பிலையும், பந்தலில் பாகல், உடைந்த வாளியில் மிளகாய். கூடவே வந்துவிட்ட இன்னொன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அது சமையலறைக்குப் பின்னால் பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கும் மருந்து. இலையில் ஓர் ஓட்டை விழுந்தால் போதும், கடித்தது எது என்று பார்ப்பதற்குள் பாட்டில் வெளியே வந்துவிடுகிறது.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் பம்பு, முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. நகங்கள் வெளிறிப் பிளந்துபோய், பல நாள் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். அவர் அடித்தது பெரும்பாலும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. சில மிடறு உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து, முறிவு மருந்தும் கிடையாது. தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாது என்றுதான் அதில் நீலச் சாயமும் நாற்றமும் சேர்த்தார்கள். தெனகானித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது 2002இல். அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது. 2006இல் தளர்த்தியது. முழுத் தடை வந்ததோ 2020 ஜனவரி 1இல்தான். இத்தனையும் பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள் இன்று வெண்டைச் செடிக்கு மூடிக் கணக்கில் ஊற்றிக் கலக்குகிறார்கள். இதை எப்படி ஏற்பது?

பெரிய தோட்டங்களே இப்போது வேறு வழியும் பார்க்கின்றன. செம்பனைக் குலையைக் கடிக்கும் எலிக்குக் கூகை வளர்க்கிறார்கள். சுமார் 10 ஹெக்டருக்கு ஒரு கூண்டு என்று கம்பத்தில் வைத்துவிட்டால், அது தானாக வந்து குடியேறி இரவெல்லாம் வேட்டையாடும். (ஆந்தை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறிந்தவர்கள் நாம்!) அந்தத் தோட்டங்களின் சாலையோரங்களில் மஞ்சள் பூச்செடிகள் பார்த்திருப்பீர்கள். அவை எல்லாமே அழகுக்கு வைத்தவை அல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவின் உடம்பில் முட்டையிடும் சிறு குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன்தான் சாப்பாடு. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு இந்தப் பொறுமை இருக்கிறது. பத்தடிப் பந்தலுக்கு இல்லை.

பாகற்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஞ்சு மஞ்சளித்துக் கோணினால் பழ ஈயின் வேலை. தோலுக்கு அடியில் முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கும். உள்ளே இருக்கும் புழுவை மேலே அடிக்கும் மருந்து என்ன செய்யும்? பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே பழைய நாளிதழைக் குழலாகச் சுற்றி மாட்டுங்கள். மழையில் நைந்தால் மாற்றுங்கள். அழுகி விழுந்த காயை மண்ணில் விடாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகி, பிறகு ஈயாகும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் செய்யச் சொல்லுங்கள். ஈ வேலி பார்த்து நிற்காது.

பயற்றங்கொடியில் அசுவினி மொய்த்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். அங்கே குட்டி முதலைபோலக் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு ஒன்று ஊர்ந்தால் நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்ன வந்தது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். அடுத்த வாரம் அசுவினி இரண்டு மடங்காகும், நீங்களும் இரண்டு மடங்கு அடிப்பீர்கள். கறிவேப்பிலையில் பச்சைப் புழு இருந்தால் கையால் எடுத்துப் போடுங்கள். இன்று அடித்த இலை நாளை ரசத்தில் மிதக்கும் என்பதை மறக்கவேண்டாம். ஆப்பிரிக்க நத்தையை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவைச் சுமப்பது அது.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்கினால் லேபிளோடு வாங்குங்கள். பதிவெண்ணும் லேபிளும் இல்லாததை விற்பது 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி குற்றம். அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது அந்த லேபிளில்தான் இருக்கும், குளிர்பானப் பாட்டிலில் இருக்காது.

எங்கள் ரெம்பாவ் மாவட்ட வேளாண்மை அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள்: ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏதாவது ஒரு தாமான் கோயில் மண்டபத்தில், தமிழில் ஒரு மணி நேரம் இதையெல்லாம் செடியோடு காட்டிச் சொல்லிக்கொடுங்கள். ஆள் சேர்க்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.