6 முறை சாம்பியன்... 4-வது டிவிஷனுக்கு விழுந்தது எப்படி? போர்தோ கிளப் சொல்லும் பாடம்

ஜினடின் ஜிடேன் 4 சீசன் ஆடிய கிளப் அது. பிரான்ஸ் லீக் பட்டத்தை 6 முறை வென்றது. 1937-லிருந்து தொழில்முறை கிளப்பாக இருந்தது. 2024 ஜூலையில் அந்த அந்தஸ்தையே கைவிடுவதாக அறிவித்தது. சீனியர் வீரர்களின் ஒப்பந்தங்கள் முடிந்தன. இளைஞர்களை உருவாக்கிய அகாடமி மூடப்பட்டது. அணி நேராக 4-வது டிவிஷனில் போய் விழுந்தது.

கிளப்பின் பெயர் ஜிரோந்தேன் த போர்தோ. (போர்ச்சுகலின் போர்ட்டோ வேற. இது ஒயினுக்குப் பேர்போன பிரெஞ்சு நகரத்தின் கிளப்.) சோஷியல் மீடியாவில் இந்தச் சரிவை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 'பணக்கார முதலாளி வந்தார், கிளப்பைக் கெடுத்தார்.' பாதி உண்மைதான். ஆனால் மீதிப் பாதிதான் முக்கியம். ஏன்னா, போர்தோவை ஒரே ஒரு ஆள் வீழ்த்தவில்லை. ஒரு கிளப்பை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம், அடகு வைக்கலாம், ஆனால் அதை நம்பி வாழும் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லும் உரிமைகூட கிடையாது என்ற ஏற்பாடுதான் வீழ்த்தியது. இதுதான் என் வாதம். அதற்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் சாம்பியன் ஆன கதை

1881-ல் இது ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் துப்பாக்கி சுடுதலுக்கும் தொடங்கப்பட்ட உள்ளூர் சங்கம். கால்பந்து பிறகுதான் வந்தது. முதல் லீக் பட்டம் 1950-ல்.

உண்மையான பொற்காலம் 1980கள். கிளாட் பெஸ் என்ற கணக்காளர் 1978-ல் தலைவரானார். பெரிய மீசை, பெரிய பேச்சு, பெரிய செலவு. பயிற்சியாளராக எமே ஜாக்கேவைக் கொண்டுவந்தார். அலென் ஜிரெஸ், ழான் திகானா போன்றவர்கள் நடுக்களத்தை ஆண்டார்கள். 1984, 1985, 1987 என 4 ஆண்டுகளில் 3 லீக் பட்டங்கள். 1985 ஐரோப்பிய கோப்பை அரையிறுதியில் யுவென்டஸிடம் முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்று, சொந்த ஊரில் 2-0 என்று ஜெயித்து, ஒரே ஒரு கோலில் இறுதிப் போட்டியைத் தவறவிட்டார்கள்.

அதோடு பில்லும் வந்தது. கடன் கழுத்தை நெரிக்க, 1990-ல் பெஸ் விலகினார். பயிற்சி மையக் கட்டுமானத்தில் நடந்த மோசடிக்காகப் பின்னர் தண்டனையும் பெற்றார். 1991-ல் களத்தில் தரமிறங்கும் நிலையில் இல்லாதபோதும், கடன் காரணமாக கிளப் 2-வது டிவிஷனுக்கு இறக்கப்பட்டது.

இந்த இடத்தை மறக்காதீங்க. பெஸ் வெளிநாட்டு ஃபண்ட் மேனேஜர் இல்லை, கிளப்பை உயிராக நினைத்த ஆள். அப்படிப்பட்டவரே கிளப்பைக் கடனில் மூழ்கடித்தார். 'உள்ளூர் ஆள் வந்தா எல்லாம் சரியாகிடும்' என்று நம்புகிறவர்கள் 1991-ஐ ஒருமுறை திரும்பிப் பார்க்கணும்.

எழுந்தது, ஜெயித்தது

அந்த வீழ்ச்சி ஒரு சீசனில் முடிந்தது. 1992-ல் முதல் டிவிஷனுக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு 20 வயது ஜிடேன் வந்து சேர்ந்தார். லிசராசு, துகாரி ஆகியோருடன் அவர் ஆடிய அணி, 1996 யூஇஎஃப்ஏ கோப்பை காலிறுதியில் ஏசி மிலனிடம் முதலில் 2-0 என்று தோற்று, சொந்த மைதானத்தில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தது. இறுதியில் பேயர்ன் மியூனிக்கிடம் தோல்வி. ஆனால் 2 வருஷம் கழித்து, 1998-ல் பிரான்ஸ் உலகக் கோப்பையைத் தூக்கியபோது அந்த மூவரும் அணியில் இருந்தார்கள், பயிற்சியாளர் அதே ஜாக்கே.

1999-ல் கடைசி நாள் ஆட்டத்தில், பாரிஸில், பாஸ்கல் ஃபெய்ந்துனோ கடைசி நிமிடங்களில் அடித்த கோலால் மார்செயை முந்தி லீக் பட்டம். அதே ஆண்டு எம்6 என்ற பிரெஞ்சு டிவி நிறுவனம் கிளப்பை வாங்கியது. 2009-ல் லோரான் பிளாங் பயிற்சியில், தொடர்ந்து 7 முறை சாம்பியனாக இருந்த லியோனின் ஆதிக்கத்தை உடைத்து 6-வது பட்டம். 2013-ல் பிரெஞ்சு கோப்பை. அதுதான் இதுவரை கடைசிப் பெரிய கோப்பை.

எம்6-ஐ ரசிகர்கள் எல்லாருமே கொண்டாடினார்கள் என்று சொல்ல முடியாது. பிஎஸ்ஜி-க்கு கத்தார் பணம் வந்த பிறகு, போட்டி போடும் அளவுக்கு எம்6 செலவு செய்யவில்லை என்ற கோபம் இருந்தது. ஆனால் அது கிட்டத்தட்ட 20 வருஷம் கூடவே இருந்தது.

2018: கிளப் ஒரு 'முதலீடு' ஆனது

2015-ல் பழைய மைதானத்தை விட்டு, சுமார் 42,000 பேர் அமரும் புது ஸ்டேடியத்துக்கு கிளப் மாறியது. 2016 யூரோ போட்டிக்காகக் கட்டப்பட்ட அழகான கட்டடம். ஆனால் கிளப்புக்குச் சொந்தம் இல்லை, வாடகை கட்டணும். மேல் டிவிஷனில் ஐரோப்பியப் போட்டி வருமானம் வந்தால் சமாளிக்கலாம். வராவிட்டால் அதுவே சுமை.

2018 நவம்பரில் எம்6 கிளப்பை விற்றது. வாங்கியது ஜிஏசிபி என்ற அமெரிக்க நிறுவனம், அதற்குப் பின்னால் பணம் போட்டது கிங் ஸ்ட்ரீட் என்ற நிதி நிறுவனம். ஓராண்டுக்குள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2019 இறுதியில் கிங் ஸ்ட்ரீட் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொண்டது.

இப்படி ஒரு ஃபண்ட் கிளப்பை வாங்கும்போது கணக்கு எப்படிப் போடப்படும்? சிம்பிள். இளம் வீரர்களை வாங்கி, வளர்த்து, அதிக விலைக்கு விற்கணும். டிவி உரிமைப் பணம் ஏறிக்கொண்டே போகும். அணி ஐரோப்பியப் போட்டிக்குப் போகும். சில வருஷத்தில் கிளப்பையே லாபத்துக்கு விற்றுவிடலாம். இதில் எல்லாமே சரியாக நடந்தால்தான் கணக்கு நிற்கும். ஒன்று தவறினாலும், இடைவெளியை நிரப்புவது கடன்.

ஒன்றல்ல, எல்லாமே தவறின. 2020-ல் கோவிட் வந்தது, பிரான்ஸ் லீக் சீசனைப் பாதியில் முடித்தது. ஆண்டுக்கு 80 கோடி யூரோவுக்கும் மேல் தருவதாகச் சொல்லி டிவி உரிமையின் பெரும்பகுதியை வாங்கிய மீடியாப்ரோ நிறுவனம், 2020 அக்டோபரில் தவணையைக் கட்டவில்லை. டிசம்பரில் ஒப்பந்தமே முறிந்தது. அந்தப் பணத்தை நம்பி பட்ஜெட் போட்ட பிரெஞ்சு கிளப்கள் எல்லாம் ஆடிப்போயின.

2021 ஏப்ரலில் கிங் ஸ்ட்ரீட் இனி பணம் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஒரு ஃபண்டின் பார்வையில் இது நியாயமான முடிவுதான். நஷ்டத்தை நிறுத்துவது அவர்கள் வேலை. ஆனால் சீசன் முடியக்கூட இல்லை, கிளப் வணிக நீதிமன்றத்தின் பாதுகாப்பில் போய் நின்றது.

லோபஸ் வந்தார்

அந்த ஜூலையில் ஜெரார் லோபஸ் வாங்கினார். லில் கிளப்பின் முன்னாள் உரிமையாளர். அவர் கட்டிய லில் அணி 2021-ல் சாம்பியன் ஆனது. ஆனால் பட்டம் கைக்கு வரும் முன்பே, 2020 டிசம்பரில், கடன் நெருக்கடியில் அவர் லில்லை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் அவரிடம் இருந்த மூஸ்க்ரோன் கிளப் 2022-ல் திவாலானது.

போர்தோவில் முதல் சீசனிலேயே 38 ஆட்டங்களில் 91 கோல் வாங்கி கடைசி இடம். 30 வருஷமாக விடாமல் முதல் டிவிஷனில் இருந்த கிளப் 2022-ல் 2-வது டிவிஷனுக்கு இறங்கியது. அடுத்த சீசனில் திரும்ப ஏறும் வாய்ப்பு கடைசி நாள் வரை இருந்தது. 2023 ஜூனில் ரொதே அணியுடனான அந்த ஆட்டத்தில், எதிரணி கோல் அடித்ததும் போர்தோ ரசிகர் ஒருவர் களத்துக்குள் ஓடி, கோல் அடித்த வீரரைத் தள்ளிவிட்டார். ஆட்டம் நிறுத்தப்பட்டது. போர்தோ மேலே ஏறவில்லை. ஊர் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், இந்த விஷயத்தில் ரசிகர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது.

2024 கோடையில் பணம் தீர்ந்தது. லிவர்பூல் உரிமையாளர்களான ஃபென்வே குழுமத்துடன் பேச்சு நடந்தது. ஸ்டேடியம் செலவு ஒருபக்கம், பிரெஞ்சு லீக்கின் டிவி வருமானம் முடிவாகாமல் தொங்கியது மறுபக்கம். அவர்கள் பின்வாங்கினார்கள். சில நாட்களிலேயே கிளப் தொழில்முறை அந்தஸ்தைக் கைவிட்டது. வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்குப் போனது.

கண்காணிப்பு இல்லையா?

இருக்கிறது, அதுதான் வேடிக்கை. பிரான்ஸில் டிஎன்சிஜி என்ற அமைப்பு கிளப்களின் கணக்கு வழக்குகளை ஒவ்வொரு சீசனும் அலசுகிறது. ஐரோப்பாவிலேயே கண்டிப்பான அமைப்புகளில் ஒன்று என்று பெயர். தரமிறக்கும் அதிகாரமே அதற்கு உண்டு. 2022-லேயே போர்தோவை 3-வது டிவிஷனுக்கு இறக்க முடிவெடுத்தது, மேல்முறையீட்டில்தான் அது மாறியது.

பிரச்னை என்னன்னா, டிஎன்சிஜி கேட்கும் கேள்வி 'இந்த சீசனுக்குப் பணம் இருக்கா?' என்பதுதான். 'இந்த ஆள் கையில் இந்த கிளப்பைக் கொடுக்கலாமா? வாங்கும் பணம் யாருடைய கடன்? அவர் போய்விட்டால் என்ன ஆகும்?' என்ற கேள்விகளுக்கு அங்கே போதுமான இடம் இல்லை. தண்டனை விழுவதும் யார் மேல்? உரிமையாளர் வேறு கிளப்புக்குப் போகலாம், ஃபண்ட் வேறு தொழிலில் பணம் போடலாம். வேலை இழந்த ஊழியர், மூடிய அகாடமியின் 15 வயதுப் பையன், சீசன் டிக்கெட் வாங்கியவர், இவர்கள் எங்கே போவார்கள்?

அப்போ என்ன செய்யலாம்?

'பணம் போடுபவர்தானே முடிவெடுக்கணும்? ஊர்க்காரங்க கிட்ட கேட்டுட்டு யார் முதலீடு செய்வாங்க?' இந்தக் கேள்வி நியாயமானது. கால்பந்துக்கு வெளிப்பணம் வேணும், அதை மறுக்க முடியாது.

ஆனால் வழி இருக்கிறது என்று பிரான்ஸிலேயே காட்டியிருக்கிறார்கள். 2017-ல் திவாலாகி 5-வது டிவிஷனுக்குப் போன கோர்சிகா தீவின் பாஸ்தியா, கூட்டுறவு நிறுவனமாக மாறியது. ரசிகர்கள், ஊழியர்கள், உள்ளூர் அமைப்புகள் என எல்லோருக்கும் அதில் பங்கு. 2021-ல் 2-வது டிவிஷனுக்குத் திரும்பியது. பெஜோ கார் கம்பெனி உருவாக்கிய சோஷோ கிளப் 2023-ல் மூழ்கும் நிலைக்குப் போனபோது, உள்ளூர் முதலீட்டாளர்களும் ரசிகர்களும் சேர்ந்து பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். ஜெர்மனியில் '50+1' விதிப்படி பெரும்பாலான கிளப்களில் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான். இங்கிலாந்து 2025-ல் தனிச் சட்டமே போட்டு, உரிமையாளர்களைச் சோதிக்க சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியிருக்கிறது.

எதுவுமே மந்திரக்கோல் இல்லை. இந்த கிளப்களும் தோற்கின்றன, பணத்துக்குத் தவிக்கின்றன. ஆனால் ஒரு வித்தியாசம்: கிளப்பைப் பற்றிய முடிவு எடுக்கும் அறையில், அதைவிட்டுப் போக முடியாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

போர்தோ விஷயத்தில் நான் கேட்பது கம்பெனியை ரசிகர்களுக்கு எழுதிக் கொடுங்க என்பதல்ல. ஒரு சிறு பங்கும், சில விஷயங்களில் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் போதும். கிளப்பைக் கைமாற்றுவது, கிளப்பின் பெயரில் பெரிய கடன் வாங்குவது, அகாடமியை மூடுவது, லோகோவை மாற்றுவது. இந்த நான்குக்கும் நகராட்சியும் ரசிகர் சங்கமும் கையெழுத்து போட்டால்தான் செல்லும் என்று விதி இருந்திருந்தால், 2018 விற்பனை நடக்காமலே போயிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைத்திருக்கும். பெஸ் காலத்துக் கணக்கையும் யாராவது முன்னாடியே திறந்து பார்த்திருப்பார்கள்.

4-வது டிவிஷனில், கிராமத்து அணிகளோடு ஆடும்போதும் போர்தோ ரசிகர்கள் ஸ்டேடியத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. இத்தனை உரிமையாளர்களும் வந்து போன பிறகு கிளப்பில் மிச்சம் இருந்த ஒரே சொத்து அவர்கள்தான். அந்தச் சொத்துக்கு மட்டும்தான் ஓட்டு இல்லை.

அடுத்த முறை உங்க ஃபேவரைட் கிளப்பை யாரோ வாங்கியதாக நோட்டிஃபிகேஷன் வந்தால், எந்த ஸ்டாரை வாங்குவார் என்று தேடும் முன்பு ஒரு நிமிஷம் வேறொன்றைத் தேடுங்க: அவர் போடுவது சொந்தப் பணமா, கடனா? கடன் என்றால், அதைக் கட்டப்போவது அவரா, கிளப்பா?