யூரியாவும் எரிபந்த நோயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வயல்களிற் பெரும்பாலானவை மாரிமழையை நம்பி ஆண்டுக்கு ஒருமுறையே விளைபவை. மார்கழி, தை மாதங்களிற் கதிர்கள் கழுத்தழுகிச் சப்பியாகுமாயின், அடுத்த அறுவடைவரை அக்குடும்பத்துக்குக் கடையரிசியே கதி. ஆகவே, கழுத்து எரிபந்தத்தைக் கண்டதும் கமக்காரர் பங்கசுநாசினியைத் தேடி ஓடுவது வியப்பன்று. எனினும் அவ்வோட்டம் காலங்கடந்தது. பங்கசு கதிரின் கழுத்தை அரித்து, மணிக்குச் செல்லும் உணவை மறித்தபின் எம்மருந்தும் அக்கதிரை நிரப்பமாட்டாது.

எரிபந்தம் கொழுத்த பயிரை விரும்பும் நோய். மழை சற்றே ஓய்ந்ததும் யூரியாவை ஒருமிக்க வீசி, அயல் வயலினும் தம் வயல் கரும்பச்சையாயிருத்தலைப் பெருமையெனக் கொள்வார் பலர். அப்பெருமை பங்கசுக்கே விருந்தாகும். நைதரசன் மிகுந்தால் இலை மென்மையுறும். விதையும் நெருக்கமாக வீசப்பட்டிருப்பின் பயிரிடையே காற்றுப் புகாது. இரவிற் படிந்த பனிநீர் பகலேறியும் உலராது. பங்கசின் வித்திகள் முளைத்து இலையைத் துளைப்பதற்கு அவ்வீரமே போதும்.

அவ்வாறாயின் பசளையையே விட்டுவிடலாமே என்பாரும் உளர். அதுவும் தவறு. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டமையால் நெல்விளைவு எவ்வளவு வீழ்ந்ததென்பதை இலங்கைக் கமக்காரர் மறந்திலர். மேலும், பட்டினிப் பயிருக்கென்றே வேறொரு நோய் உண்டு. எள்ளுப்போன்ற புள்ளிகளை இலையிலிடும் கபிலப் புள்ளி நோய், பொற்றாசியம் முதலிய சத்துக்குன்றிய மண்ணிலேயே வலுக்கும். 1942 இல் வங்காளத்து நெல்லை அழித்தது இந்நோயே. மறுஆண்டுப் பெரும்பஞ்சத்தின் காரணங்களுள் ஒன்றாகவும் அது கூறப்படும். எனவே யூரியாவைப் பகுதி பகுதியாக, இலையின் நிறத்தைப் பார்த்து இடுதலும், பொற்றாசுப் பசளையை மறவாமையுமே தக்கன.

இனத்தெரிவும் பெரிதும் உதவும். பத்தலகொடையில் உருவாக்கப்பட்டு 1958 இல் வெளியிடப்பட்ட எச்-4 இனம் புகழ்பெற்றமைக்கு, எரிபந்தத்தைத் தாங்கும் அதன் இயல்பும் ஒரு காரணம். ஆனால் பங்கசு தன் இயல்பை மாற்றவல்லது. ஓரினத்தின் எதிர்ப்பு என்றும் நிலைக்குமென்று எண்ணுதல் கூடாது. விதைநெல்லை நோயற்ற வயலிலிருந்தே எடுத்தல் வேண்டும். முட்டை மிதக்கும் உப்புநீரில் அதனையிட்டு, மிதக்குஞ் சப்பியை அகற்றி, நன்னீரிற் கழுவி விதைத்தல் செலவில்லாத காரியம். உமிக்கரியை நிலத்திற் சேர்த்தால் அதிலுள்ள சிலிக்கா இலையை வன்மையாக்கும்.

மருந்து வேண்டாமென்பதன்று. கண்வடிவான, நடுவிற் சாம்பல்நிறங் கொண்ட புள்ளிகள் இலைகளிற் பெருகிய வயலுக்கு, திணைக்களம் சிபாரிசு செய்த பங்கசுநாசினியைக் குடலைப் பருவத்தின் இறுதியிலும் கதிர் வெளிவரும்போதும் தெளித்தல் வேண்டும். அறுவடையின் பின் அவ்வயலின் வைக்கோலை வரம்பிற் குவித்து விடாது, குழியிலிட்டு நன்கு உக்கவைத்து, அதன் பின்னரே நிலத்துக்கு இடுதல் வேண்டும்.