சேட்டையா? சீக்கா?

பையன் ஓரிடத்தில் உட்காருவதில்லை. பாடத்தைப் பாதியில் விடுகிறான். வசதியான வீடென்றால் டாக்டர் பார்த்து, "கவனக்குறைவுக் கோளாறு" என்று சீட்டு எழுதுகிறார். தென்காசியில் பீடி சுற்றும் தாயின் பிள்ளைக்கும், குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர் பிள்ளைக்கும் "வாலுப் பையன்" பட்டம்தான்! சத்தமில்லாத பெண் பிள்ளையை யாரும் கவனிப்பதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்தால் அன்றைய கூலி போச்சு.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் இந்தக் கோளாறும் உண்டு. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இதன் பெயரே கிடையாது!

2019-ல் தனி மாவட்டமான தென்காசியில், பள்ளிக்கு வரும் டாக்டர் குழு பல், கண்ணோடு இதையும் விசாரிக்கட்டும். சந்தேகமிருந்தால் மனநல டாக்டரைப் பள்ளிக்கே வரவழைக்கட்டும். கோளாறு காசு பார்த்து வருவதில்லை. வைத்தியம் மட்டும் காசு பார்த்து வரலாமா?